கரையில் விட்ட துணி

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு வீடு வந்து சேர்ந்துவிட்டது. மனசுதான் இன்னும் வாசலில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

நீயும் உன் மகனும் என்னைத் தாங்கித் தாங்கிக் கவனித்தீர்கள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் அடக்கினாலும் அழுகிப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

உன் மகன் மேனேஜராக இருப்பது எனக்கும் பெருமைதான். ஆனால் அது என்ன ரிசார்ட்டடி? குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர்! "இதுக்குக் கதவு எங்கேப்பா?" என்றேன். "பெரியம்மா, இதான் இப்ப எல்லாருக்கும் பிடிக்குது" என்கிறான். துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துப் படுக்கையில் வைத்திருந்தார்கள். யார் யாரோ முதுகு துடைத்த துண்டு என்று நினைத்ததும் எனக்கு அன்னத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எதிரே அவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு, ஒரு தொட்டித் தண்ணீரில் அத்தனை பேரும் ஊறுகிறார்கள். குழந்தைகள் அதற்குள்ளேயே ஒன்றுக்குப் போவது அந்தப் பெற்றவர்களுக்குத் தெரியாதா? சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் மலை மாதிரி அள்ளி வைத்து, நடுவில் விரலால் குழி தோண்டித் தின்றுவிட்டு எழுந்து போனான். மிச்சமெல்லாம் வாளிக்கு.

சரி, கோயிலுக்காவது போய் மனசைத் துடைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அங்கே அதற்கு மேல். தரையெல்லாம் எண்ணெயும் சேறும். சாமி முன்னால் நின்ற நேரத்தைவிட, பின்னால் இருந்தவர் முழங்கை என் விலாவில் நின்ற நேரம் அதிகம். குளிக்கலாம் என்று கடலில் இறங்கினேன். செத்தவர்களுக்காகக் குளிக்கிறவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் ஒரு ஈரப்புடவை வந்து என் காலைச் சுற்றிக்கொண்டது. உதற உதற விடவில்லை. கரையில் ஒரு ஆள் அதையெல்லாம் நீளமான கம்பால் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். பாவத்தையும் சாவையும் அவிழ்த்துப் போட்ட துணி. எந்த மனிதர் தொடுவார்?

நம் இரண்டு பேர் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்கள், இனி கடைசிவரைக்கும் ஒரே கூரையில் இருப்போம் என்று பேசித்தான் உன் இடத்தைப் பார்க்க வந்தேன். பார்த்துவிட்டேன். அங்கே என்னால் முடியாது. நீ இங்கே வந்துவிடு. பின்கட்டு அறையை உனக்காக ஒழித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கிளம்பும்போது நீ தைத்துக் கொடுத்த ஒட்டுத் துணிப் போர்வை! இந்தத் தெருவே வந்து பார்த்துவிட்டது. போன மாதம் பிறந்த என் பேரனை அதில்தான் படுக்க வைக்கிறோம். அதில் போட்டால்தான் அழுகையை நிறுத்துகிறான், அவ்வளவு மெத்து. என் பேரனாயிற்றே, நல்லது எது என்று அவனுக்குத் தெரியும். துணி எங்கே வாங்கினாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குழந்தைக்குக் கண்ணேறு கழித்தாயா?

கூடவே வந்து இருக்கச் சொன்னதைப் படித்து அழுதுவிட்டேன். ஒரே வீட்டில் இருக்கப் போகிறவளிடம் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு வர முடியாது. நீயே கேட்டும்விட்டாய். அந்தத் துணி வாங்கியது இல்லை அக்கா. உன் காலைச் சுற்றியது என்றாயே, அந்த மாதிரிப் புடவைகள்தான்.

கோபப்படாமல் கடைசிவரை படி. நான் இங்கே வந்தபோது மகன் சலவைக்கூடத்தை ஒட்டின அறையைக் கொடுத்து, "அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு" என்றான். சும்மா இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. மருமகள் வேலைக்குப் போய்விடுவாள். பேச்சுத்துணைக்கு சலவை இயந்திரம்தான். தினமும் விடியும் முன்னால், விருந்தாளிகள் கண்ணில் படாமல், கரையில் கிடக்கும் துணியை வாரிப் பின்னால் கொண்டுவந்து எரிப்பார்கள். அந்த நாற்றம் உனக்குத் தெரியாது. ஒருநாள் அதில் ஒரு புடவையின் கரையைப் பார்த்தேன். சாயம்கூட மங்கவில்லை. "இதை எரிக்காதீங்க, எனக்குக் குடுங்க" என்றேன். நீ பார்த்தாயே, கம்பால் வாரும் அந்த அண்ணன், "பயமா இல்லையாம்மா?" என்றார். "பேய் வந்தா அதுக்கும் ஒரு ஊசி குடுத்து உக்கார வெக்கிறேன்" என்றேன்.

இரண்டு தடவை கொதிக்க வைக்கிறேன். நாள் முழுக்க வெயிலில் போடுகிறேன். பிறகுதான் கத்தரிக்கிறேன். இப்போது ரிசார்ட்டில் எல்லாக் கட்டிலிலும் என் போர்வைதான். சலவைக்காரப் பெண்கள் மத்தியானம் வந்து என்னோடு உட்கார்ந்து தைக்கிறார்கள், வாய் ஓயாது. துணி எங்கேயிருந்து வந்தது என்று என் மகன் விருந்தாளிகளிடம் வேறு கதை சொல்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குக் கொடுத்ததற்கு மட்டும் நல்ல நல்ல துண்டாகப் பொறுக்கி, பல ராத்திரி உட்கார்ந்து தைத்தேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வா என்றால், அடுத்த வண்டியிலேயே வருகிறேன்.

உன் அன்புத் தங்கச்சி

*

பிப்ரவரி 26

தங்கச்சிக்கு,

படித்து முடிக்கும் முன்னால் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினேன். போர்வையைத் துடைப்பக் கட்டையால் தள்ளிக்கொண்டே போய்க் கொல்லைச் சுவரில் போட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டினேன். நான் குளித்தேன். என் மருமகள் சிரிக்கிறாள். "அத்தை, ஆஸ்பத்திரியில அவனச் சுத்தின துணி மட்டும் புதுசா?" என்கிறாள். படித்த பெண்ணுக்கு எல்லாம் சிரிப்பு.

எவள் செத்தாளோ, எவள் தாலி அறுத்துக் குளித்தாளோ, அவள் அவிழ்த்ததில் என் பேரன் வாயை வைத்துச் சப்பினானே! நீ எப்படியடி அதைத் தொட்டாய்? கொதிக்க வைத்தால் அழுக்கு போகும், அது போகுமா? ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ வந்தால் உன் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்றுதான் தோன்றியது. உன்னிடம் பொய் சொல்லி என்ன?

ஆனாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட முடியுமா? அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டு வா. அங்கே உடுத்திய துணி ஒன்றும் வேண்டாம். வாசலிலேயே புதுப்புடவை தருகிறேன், மாற்றிக்கொண்டு உள்ளே வா. கொஞ்ச நாள் சமையல்கட்டுப் பக்கம் வராமல் இரு. எனக்குப் பழகியதும் எல்லாம் சரியாகிவிடும். போர்வையை எரிக்கச் சொல்லிவிடவா என்று எழுது.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

அருவருப்பு எனக்கும் உண்டு. கண்ணாடிக் குளியலறையைத் துடைக்கிற பெண்ணிடம் கேட்டால், நீ எழுதியது ஒன்றுமே இல்லை என்பாய். தங்கள் வீட்டுச் சாவைக் கடலில் விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கடையில் நின்று பிள்ளைக்கு ஊதல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். துணியைப் பார்த்து வந்ததில்லை. அதை ஒருத்தி உடுத்தி நடமாடினாள், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பெண் குளித்துவிட்டு, அம்மாவின் புடவையை விட மனசில்லாமல் கையில் பிடித்தபடியே நின்றாளாம். வாரும் அண்ணன் என்னிடம் அனுப்பினார். "தூக்கிப் போட மனசு வரலம்மா, தெச்சுத் தருவீங்களா, போத்திக்கிறேன்" என்றாள். அதுதான் இப்போது என் மடியில் இருக்கிறது.

வாசலில் புடவை மாற்றிக்கொண்டு உன் வீட்டுக்குள் நான் வரமாட்டேன். எனக்காக ஒழித்த பின்கட்டு அறையில் குழந்தைக்குத் தொட்டில் கட்டு. போர்வையை உன் இஷ்டம்போல் செய்துகொள், எனக்கு எழுத வேண்டாம்.

நீ இங்கே இருந்த நாளெல்லாம் இந்தக் கைதான் உனக்குப் பரிமாறியது. காலையில் தைத்துவிட்டு எழுந்து, மத்தியானம் உனக்குச் சோறு போட்டேன். "உன் கைக்கு மட்டும் எங்கேர்ந்துடி இந்த ருசி" என்று மறுபடியும் தட்டை நீட்டினாய். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள்