ஏழாம் எண் கேட்ட நிறங்கள்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம் என்று எழுதிவிட்டு வேறு கதை பேசத்தான் ஆசை. இந்த முறை முடியவில்லை. இருபதாம் தேதி நீ ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் அதிலிருந்து ஏழாம் எண்ணை, அதாவது என்னை, எடுத்துவிடு. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு மாதம் நீ எங்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்தபோது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினாயே, அதில் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. விலகிக்கொள்கிறேன். பேராசிரியரிடம் அவ்வளவு சொன்னால் போதும். உனக்குக் காரணம் சொல்லாவிட்டால் அடுத்த ரயிலில் வந்து நிற்பாய்.

நீ அனுப்பிய நாலாம் அத்தியாயத்தைச் சலவைக்கூடத்தில் என் எதிர்மேசைக்காரி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஏழாம் எண் சூப்பர்வைசரிடம் இந்த ஊர் மொழி பேசுகிறாளாம், இஸ்திரிக்காரர்களிடம் அவர்கள் மொழி பேசுகிறாளாம், துணி மூட்டையில் கட்டிய பட்டையின் நிறத்தைக் கேட்கும்போது மட்டும் தமிழுக்கு மாறுகிறாளாம். நூற்றுப் பன்னிரண்டு தடவை! நாலாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் தமிழிலேயே பதில் சொல்கிறார்களாம். பல மொழி நடுவே தாய்மொழியால் தேடிக்கொள்ளும் நெருக்கம் என்று அழகாக எழுதியிருக்கிறாய். எத்தனை தடவை கேட்டாள் என்று எண்ணினாயே, ஏன் கேட்கிறாள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாமே, என் படிப்பாளி! எதிர்மேசைக்காரிதான் உன் நாலாம் எண். வாசித்து முடித்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

பட்டையின் நிறம் பார்த்து மூட்டை பிரிப்பதுதான் என் வேலை, எனக்கு நிறம் தெரியவில்லையடி. நீ வந்ததற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. முதலில் பச்சையும் நீலமும் ஒன்றாயின, இப்போது எல்லாமே சாம்பல். எழுத்தும் கலங்கிவிட்டது, இதைக்கூடக் கைப்பழக்கத்தில்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தமிழில் கேட்டால் சூப்பர்வைசருக்குப் புரியாது. அவ்வளவுதான் உன் நெருக்கம்.

மரியாதைக்காகச் சூப்பர்வைசருக்கு ஒரு சுருக்கம் அனுப்பினாயே, அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் சொற்களைப் பொருளோடு பட்டியல் போட்டிருக்கிறாய். மனிதர் குஷியாகிவிட்டார். தினமும் காலையில் மேசை மேசையாக வந்து பச்சை, நீலம், சிவப்பு என்று ஒப்பிக்கிறார். நாங்கள் கைதட்டுகிறோம். போன வாரம் என்னிடம், எப்போதும் நீதானே கேட்கிறாய், உன்னை யாரும் கேட்பதில்லையே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் குத்துமதிப்பாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பட்டை என்றால் தொற்று நோயாளிகளின் துணி. தனி இயந்திரத்தில் போக வேண்டியது. செவ்வாய்க்கிழமை அதைக் குழந்தைகள் வார்டுத் துணியோடு சேர்த்துவிட்டேன். எதிர்மேசைக்காரி ஓடிவந்து, "சிவப்புடி அது!" என்று கத்தி மூட்டையைப் பிடுங்கினாள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் இப்போது அவருக்குத் தெரியும். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று மிச்ச மூட்டைகளை நான் தொடவில்லை. மறுநாளிலிருந்து லீவு சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நானே போய் அவரிடம் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். ஆனால் என் கண்ணைப் பற்றி மட்டும்தான் சொல்வேன். இரண்டு பேர் எனக்காக நிறம் சொன்னார்கள் என்பது என் வாயிலிருந்து வராது. வந்தால் மறைத்தவர்கள் என்று அவர்களையும் அனுப்பிவிடுவார்கள். எதிர்மேசைக்காரி வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அவர்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் தேதி, நேரத்தோடு உன்னிடம் இருக்கிறது. அதை அழித்துவிடு. அந்த அத்தியாயம் போனால் உனக்கு ஒரு வருடம் போகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன்னைப் படி படி என்று விரட்டியவளே இப்படிக் கேட்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஓடி வராதே. நீ ஏமாந்தது உன் தப்பில்லை, நாங்கள் அவ்வளவு நன்றாக மறைத்தோம். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

பதில் எழுதாதே, போன் செய். திட்டுவதானாலும் வாய்விட்டுத் திட்டு. கடிதம் வந்தால் எதிர்மேசைக்காரியிடம்தான் வாசிக்கக் கொடுக்க வேண்டும். நீ அழிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தால், அதை அவள் வாயால் கேட்க என்னால் முடியாது.

உன் அக்கா