பொதோசியின் ஓட்டைக் காசு

என் அன்புக்குரியவருக்கு,

ஞாயிறன்று பொதோசி சந்தையில் பழைய வெள்ளிக்காசு ஒன்று வாங்கினேன். விளிம்பில் ஓட்டை இருந்ததால்தான் எனக்குக் கட்டுப்படியானது. ராஜாவின் முகம் தேய்ந்திருந்தாலும், வெயிலில் சாய்த்துப் பிடித்ததும் நம் ஊர் நாணயச்சாலை முத்திரை தெரிந்தது.

“ஓட்டைக் காசாவே பொறுக்குறியே, உன் புருஷன் திட்டமாட்டானா?” என்றாள் கடைக்காரி எலேத்தேரியா.

“அவரு சிலியில சுரங்கத்துல இருக்காரு. அங்கேருந்து எப்படித் திட்டுவாரு?”

“இது பிள்ளை கழுத்துல கட்டப் போட்ட ஓட்டை, தெரியுமா?”

என் கை வயிற்றுக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள். அப்புறம் நான் கேட்ட விலைக்கே கொடுத்தாள்.

சென்ற முறை நடந்ததை நினைத்துத்தான் இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. இப்போது ஆறாம் மாதம், நன்றாக உதைக்கிறது. காசைச் சிவப்பு நூலில் கோத்துவிட்டேன். கட்டிவிட நீங்கள் வரவேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி