கண்டியில எவடம்?

மஹய்யாவ, கண்டி
6.7.1997

அன்பு மகன் அழகையாவுக்கு,

அப்பா பழனியாண்டி சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு பாயிஸா டீச்சர் எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் கதிர்காமத்து முருகன் துணை இருக்கட்டும். இங்கே பேத்தி யசோதா சுகம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. சுகமில்லாதது மனசு ஒன்றுதான். அதற்குக் காரணம் நீ.

நான் பேசுவதை டீச்சர் திருத்தி எழுதுகிறார். வார்த்தையைத் திருத்துங்கள், கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தவுடன் "லைன் சரியில்லப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் லைன் எப்போதும் சரியாக இருக்கும்.

நேற்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் றவூப் வந்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு, "ஐயா, பேத்திட காயிதம் எல்லாம் இனி எங்கட கடைக்குத்தானே வரும். வந்த ஒடனே குடுத்து உடுறன், யோசிக்க வேணாம்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன காயிதம் தம்பி?" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. பாவம், உனக்காகப் பொய் சொல்லவும் தெரியவில்லை அவனுக்கு.

பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆசிரியர் படிப்புக்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாளாம். அதில் இருப்பிடம் மஹய்யாவ என்று எழுத வேண்டாம், பாலத்தடியில் இருக்கிற றவூப் கடை விலாசத்தை எழுது என்று நீ சொன்னாயாம். பாதுகாவலர் என்று என்னைப் போட்டு, என் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்றும் எழுதச் சொன்னாயாம். நான் என்னத்தடா வியாபாரம் செய்தேன்? நகரசபைக்கு ரோட்டைக் கூட்டினேன், பெரஹரா ஊர்வலம் போன பாதையில் யானைச் சாணியை அள்ளினேன். அதை யாருக்கு விற்றேன்?

போன வருஷம் கொழும்பில் குண்டு வெடித்தபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்து இந்த வீட்டில்தான் விட்டாய். அன்றைக்கு "இதுதாம்பா பாதுகாப்பான எடம்" என்றாய். உயிரை வைக்க நல்ல இடம், காகிதத்தில் வைக்க மட்டும் கூடாத இடமா?

பதில் போடு. பிள்ளையைத் திட்டாதே. அவள் அந்தக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆசையாம்.

இப்படிக்கு, கோபத்தோடும் பாசத்தோடும்,
அப்பா
(பெருவிரல் அடையாளம்)


வெள்ளவத்தை, கொழும்பு
14.7.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முழங்காலுக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள். விலாசம் என்பது தபால்காரனுக்காக. நமது லயத்து வரிசை வீடுகளில் ஒரே பெயரில் எத்தனை பேர், கடிதங்கள் மாறிப் போவது உங்களுக்கே தெரியும். கடை என்றால் ஆள் எப்போதும் இருப்பார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை.

உண்மையைச் சொன்னால் அவள் அங்கே போவதிலேயே எனக்கு விருப்பமில்லை. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இங்கே வந்தால் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்த்துவிடுவேன், வீட்டிலிருந்தே போய் வரலாம். அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து பிடிவாதம் பிடித்ததால் சம்மதித்தேன். அதற்கு நான் கேட்டது இந்த ஒன்றை மட்டும்தான். முதல் வருஷம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது அப்பா.

கொண்டுபோக வேண்டியவற்றை எழுதி அனுப்புகிறேன். வாளி, தலையணை, வெள்ளைச் சேலை எல்லாம் நான் இங்கே வாங்குகிறேன். பழைய தகரப் பெட்டியைத் தூசு தட்ட வேண்டாம். புது சூட்கேஸ் வாங்கித் தருகிறேன்.

உங்கள் மகன்,
அழகன்


மஹய்யாவ, கண்டி
2.9.1997

மகன் அழகையாவுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு நேரமில்லை. உன் பிள்ளையின் கல்லூரி இடம் போகப் பார்க்கிறது. நீ செய்த வேலை.

நேர்முகப் பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். விண்ணப்பத்தில் கட்டுகஸ்தோட்டை. அடையாள அட்டையில் மஹய்யாவ. வாக்காளர் இடாப்பில் கட்டுகஸ்தோட்டையில் தேடினால் அவளும் இல்லை, நீயும் இல்லை, நானும் இல்லை. உள்ளே இருந்த அதிகாரி அம்மா, "பொய் விலாசம் கொடுத்தவர் நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்?" என்று கேட்டாராம். என் பேத்தியைப் பார்த்து. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால்.

விலாசத்தை உறுதிப்படுத்திக் கடிதம் வாங்கக் கட்டுகஸ்தோட்டைக் கிராம சேவகரிடம் போனோம். இப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார். அவர் சொன்னது சரிதானே. எங்கள் கிராம சேவகரிடம் வந்தோம். அவர் கையெழுத்து வைக்கத் தயார். ஆனால் ஏன் மாற்றி எழுதினோம் என்று காரணம் எழுதித் தர வேண்டுமாம். பன்னிரண்டாம் திகதிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நீ வா. வந்து நீ சொன்ன காரணத்தை நீயே எழுதிக் கொடு. தபால்காரனுக்காக என்று எழுது பார்ப்போம்.

உன் கடிதத்தை டீச்சர் வாசித்தபோது அடியில் 'அழகன்' என்று இருந்ததாம். ஐயா எங்கே போனார்? உன் பாட்டன் பெயர் அது. அவரையும் றவூப் கடையில் விட்டுவிட்டாயா?

முதல் வருஷம் எனக்குத் தெரியாது என்று எழுதினாய். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. கண் தெரியும். நீ கல்லூரிக்குப் படிக்கப் போன வருஷம் அந்தத் தகரப் பெட்டி மூடியில் நகரசபைப் பெயிண்டர் மார்ட்டினிடம் சொல்லி எழுதுவித்தேன். மேல் வரி உன் பெயர், கீழ் வரி நம்ம ஊர் என்று அவன் விரலால் தொட்டுக் காட்டினான். பச்சைப் பெயிண்ட். உன் அம்மா பாலம்மா அது காயும் வரைக்கும் பக்கத்தில் கோழி வராமல் காவல் இருந்தாள். முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, நீ திரும்பி வந்து நின்றாய். "தண்ணி ஒத்துக்கலப்பா" என்றாய். அந்தக் கல்லூரியின் பெயரை அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் பெட்டியைப் பார்த்தேன். கீழ் வரி சுரண்டியிருந்தது. பஸ்ஸில் உரசிவிட்டது என்றாய். பஸ்ஸில் உரசினால் ஊர் மட்டும் தனியாக உரசுமா? மேல் வரி அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் காக்கி உடுப்போடு வேலையால் வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் எழும்பிப் பின்பக்கம் போய்விட்டாய். அதையும் மறக்கவில்லை.

நாடு சுதந்திரம் ஆன கையோடு எங்களிடம் "நீ எந்த நாடு?" என்று கேட்டார்கள். கூட்டின ரோட்டைக் காட்டினேன். நம்பவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்தேன். அப்போதுகூட நான் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இங்கேதான் என்றேன். கடைசியில் இந்த நாட்டு ஆள் என்று எழுதித் தந்தார்கள். நான் வாங்கி வைத்த ஊரை நீ பெட்டியிலும் சுரண்டினாய், காகிதத்திலும் சுரண்டுகிறாய்.

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். டீச்சர் எழுத மாட்டேன் என்கிறார். நீயே போட்டு வாசித்துக்கொள்.

அப்பா
(பெருவிரல் அடையாளம்)


வெள்ளவத்தை, கொழும்பு
6.9.1997

பாயிஸா டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு மெதுவாக வாசியுங்கள். முடிந்தால் யசோதா பக்கத்தில் இல்லாத நேரம்.

அப்பா,

தண்ணி ஒத்துக்கொண்டது. நல்ல கிணற்றுத் தண்ணி.

போன அன்று மாலை புதுப் பிள்ளைகளை எல்லாம் விடுதி வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். கண்டி என்றேன். "கண்டியில எவடம்?" என்று ஒரு பெரிய பெடியன் கேட்டான். அந்த வடக்குப் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். ஊர்ப் பெயர் போதாது, எவடம், ஊருக்குள் எந்த இடம் என்று தெரிய வேண்டும். அதில்தான் ஆள் யார் என்று எடை போடுவார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. சந்தோஷமாக, சத்தமாக "மஹய்யாவ" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் வரிசையில் கண்டிப் பையன் ஒருவன் இருந்தான், கடைக்காரர் மகன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவன் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னான்.

அடுத்த நாள் காலையில் என் கட்டிலில் ஒரு விளக்குமாறு இருந்தது. எடுத்து மூலையில் வைத்தேன். மறுநாளும் இருந்தது. ஒருவரும் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு இரண்டு பக்கமும் கதிரை காலியாக இருக்கும். கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்று எனக்கென்று ஆனது. ஒரு நாள் பெட்டி மூடியை நானே கத்தியால் சுரண்டினேன். சுரண்டின பிறகுதான் அங்கே இனி இருக்க முடியாது என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். தோளில் அதே மாதிரி விளக்குமாறு. எப்படிச் சொல்வேன்? அதனால்தான் எழும்பிப் போனேன். உங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு அல்ல.

நான் வர மாட்டேன். கந்தோரில் நின்று அந்தக் காரணத்தை என்னால் எழுத முடியாது. இடம் போனால் போகட்டும். இங்கே கோர்ஸில் அவள் பெயரைப் பதிந்துவிட்டேன். அனுப்பி வையுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

அழகையா


மஹய்யாவ, கண்டி
12.10.1997

அன்பு மகன் அழகையாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், நான் சொல்லச் சொல்ல டீச்சர் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். இன்றைக்குத்தான் எழுதக்கூடிய மாதிரி வாயில் வந்திருக்கிறது.

நீ வந்த நாளிலிருந்து நான் அந்தத் தண்ணியை ஏசாத நாளில்லை. எந்த ஊர்த் தண்ணிடா என் பிள்ளையைத் துரத்தியது என்று யார் வந்தாலும் சொல்லி ஏசினேன். ஒரு பாவமும் செய்யாத கிணறு. ஏச வேண்டிய நாய்களை ஏசாமல் போனேன். அவர்கள் இப்போது எங்கேயாவது அதிபராக, அதிகாரியாக இருப்பார்கள். விளக்குமாறு வைத்தவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியுமா? நுனியில் பிடித்திருப்பான். அந்தக் கண்டிப் பையன் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம். அவன் கடை வாசலை விடியுமுன் கூட்டினவன் நான். அதுவும் அவனுக்குத் தெரியும்.

உன்மேல் கோபம் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் செய்தது உனக்கு. நீ செய்தது உன் பிள்ளைக்கு. விளக்குமாறு வைத்தவனிடம் வாயை மூடிக்கொண்டு, கேள்வியே கேட்காத தபால்காரனிடம் ஒளிக்கப் பார்த்தாய்.

யசோதாவை உனக்கு அனுப்பவில்லை. உன் கடிதத்தை டீச்சர் வாசித்தபோது அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். டீச்சர் பார்த்தார், நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் அவளே என்னைக் கிராம சேவகரிடம் கூட்டிப் போனாள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதினாள். "வீட்டில் ஒருவருக்குப் பயம்." அவர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாருக்கு, உனக்கா?" என்றார். "இல்லை, அப்பாவுக்கு" என்றாள். அவர் முத்திரை குத்தினார். பாதுகாவலர் இடத்தில் நான் விரல் வைத்தேன். தொழில் என்ற இடத்தில் பிள்ளை என் தொழிலை எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினாள். கல்லூரியிலும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

நீ அனுப்பிய சூட்கேஸ் நல்ல சூட்கேஸ்தான். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவள் தகரப் பெட்டியைக் கேட்டாள். மார்ட்டின் செத்துப்போனான், அவன் மகன் எழுதித் தந்தான். உன் பெயருக்கு மேலே அவள் பெயர். உன் பெயரை அழிக்க விடவில்லை. கீழே சுரண்டின இடத்தில் ஊர்.

போன திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டேன். பஸ் மாறி மாறிப் போய், பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். வடக்குப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, பெரிய வகுப்பு, வந்து மூடியைப் பார்த்தாள்.

"மஹய்யாவ... இது கண்டியில எவடம்?"

அழகையா, உன் கடிதம் முழுக்கக் காதில் கேட்டது. ஏதாவது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். பிள்ளை முந்திக்கொண்டாள்.

"டவுன்லதான் அக்கா. ரோட்டு கூட்டுறவங்க இருக்கிற லயம். இவர் எங்க தாத்தா, பெரஹரா ரோட்ட கூட்டினவர். நீங்க எவடம்?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "எங்கட இடத்தில இப்ப ஒருத்தரும் இல்லை. ஆமிக்காரர்தான் இருக்கினம்" என்றாள். பிறகு என் பக்கத்துக் கைப்பிடியை வாங்கிக்கொண்டு, "விடுங்கோ தாத்தா, நாங்கள் கொண்டு போறம்" என்று நடந்தாள்.

இதை வைத்து எல்லாம் நல்லபடி என்று நான் சொல்லவில்லை. அங்கே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவர் என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் ஏதாவது கிடந்தால் அன்றைக்கே எனக்கு எழுத வேண்டும் என்று சொல்லித்தான் விட்டு வந்தேன். "தண்ணி ஒத்துக்கலன்னு மட்டும் எழுதாத" என்றேன். சிரித்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்க விடுவார்கள். வருகிற மாதம் நான் போகவில்லை. முழங்கால் வலி என்று வைத்துக்கொள். நீ போ. அந்தத் தைலத்தையும் அவளிடமே கொடுத்துவிடு, வரும்போது கொண்டு வரட்டும். வாசலில் காவல்காரன் இருக்கிறான். பெயரைக் கேட்பான், ஊரைக் கேட்பான். கொழும்பு என்று சொல்லாதே. அது நீ வாடகை கொடுக்கிற இடம்.

கண்டி என்று சொல்லு. எவடம் என்று கேட்பான். பிள்ளை உள்ளே வாங்கில் உட்கார்ந்திருப்பாள், காதில் விழுகிற தூரம்தான்.

அப்பா
பழனியாண்டி
(பெருவிரல் அடையாளம்)