என் பக்கம் தள்ளிய கறித்துண்டு

இன்று மதியம் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றின் ஏசி ஹாலில் எங்களை உட்கார வைத்து, வியாபார விருந்தில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கம்பெனி பாடம் நடத்தியது. நாப்கினை மடியில் விரிப்பது, ஸ்பூன் சத்தம் வராமல் சாப்பிடுவது எல்லாம் சொல்லிவிட்டு, பாடம் எடுத்த அம்மா கடைசியாக, "அடுத்தவங்க தட்டுல எதையும் எடுத்து வைக்காதீங்க. அதைவிடப் பெரிய தப்பு கிடையாது" என்றார். அப்போதுதான் பிரியாணி வந்தது. நெய்யும் பட்டையும் மணந்தன. அந்த அம்மா உன்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது நண்பா.

அய்யம்பேட்டையில் உன் அக்கா கல்யாணத்தன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தாயே. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு. சஹன் என்றாய். அதைச் சுற்றி நாம் நான்கு பேர், எல்லோருக்கும் அந்த ஒரே தட்டு. என் அப்பா பண்ணையில் கூலிக்கு உழைத்தவர். அவருக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு போடுவார்கள். நானோ எந்தப் பக்கம் கை வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். நீ உன் பக்கம் இருந்த நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளினாய். "சாப்புடுடா மாப்ள, என்ன வேடிக்கை பாக்குற?" நானும் ஒரு ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

பிறகு இருவரும் சேர்ந்து நெல் வாங்கி அரைத்து அரிசி வியாபாரம் பார்த்தோம். வெளிநாட்டுக்கு அனுப்பப் பெரிய கம்பெனிகள் ஊர் ஊராக அரிசி தேடி வந்த காலம். ஒரு கம்பெனி அதிகாரி நம் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அந்த ஆர்டர் கிடைத்தால் நீ சவூதிக்குப் போக வேண்டியதில்லை. உன் வாப்பா ஏற்கெனவே விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். சந்தோஷத்தில் நீதான் அந்த அதிகாரியை ஓட்டலுக்கு அழைத்தாய்.

விருந்தாளி என்றால் உனக்கு ஒரு வழிதான் தெரியும். உன் தட்டில் விழுந்த நல்ல துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாய். "சாப்புடுங்க சார், நல்லா வெந்திருக்கு." அவர் துண்டைப் பார்த்தார், உன் விரல்களைப் பார்த்தார். தட்டைத் தள்ளிவிட்டு சர்வரிடம் வேறு தட்டு கேட்டார். அரிசியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. காரணம் அதுதான் என்று யாரும் சொல்லவில்லை. நீ மட்டும் முடிவுகட்டிவிட்டாய்.

ஊரை விட்டுக் கிளம்பும்போதும் பஸ் வாசலில் நின்று அதையேதான் கேட்டாய்: "நான் என்னடா தப்பு பண்ணுனேன்?"

சவூதியில் உனக்குக் கிடைத்தது கேண்டீனில் பரிமாறும் வேலை. "கையுறை போட்டுக்கிட்டுத்தான் சோத்தத் தொடணும் மாப்ள" என்று போனில் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பயமாக இருந்தது. மாரடைப்பு என்று செய்தி வருவதற்குள் உன்னை அங்கேயே அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மனசு தேறவில்லையடா. தேறும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

வியாபாரத்தை மூடிவிட்டு நானும் ஒரு கம்பெனியில் அரிசி வாங்கும் அதிகாரி ஆகிவிட்டேன். முள்கரண்டி பிடிக்க வருகிறது. யாரும் யார் தட்டையும் தொடுவதில்லை. இன்று என் தட்டிலும் நல்ல துண்டு ஒன்று விழுந்தது. கை தானாகவே அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். எதிரில் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு ஓரத்திலேயே கிடந்து ஆறிப்போனது. சர்வர் வந்து தட்டோடு எடுத்துக்கொண்டு போனார்.