ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டிய ஃபோன்

12 ஜூன் 2007

இன்டர்வியூ முடிந்து இரண்டு வாரம். "ஃபோன் பண்ணுவோம்" என்றார்கள். பண்ணவில்லை. ராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் முழுக்க அலைந்ததில், லேப் டெக்னீஷியன் வேலைக்கு என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்ட ஒரே ஆஸ்பத்திரி அது. நாமே கூப்பிட்டுக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

15 ஜூன்

ஃபோன் வரவில்லை.

19 ஜூன்

குவைத்திலிருந்து சஜின் பேசினார். "வேலை என்னாச்சு?" புருஷனுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

21 ஜூன்

பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு நானே கூப்பிட்டேன். பெயர் சொன்னேன் — மரிய சகாயசெல்வி. ஃபோனை எடுத்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, "போன வாரமே கூப்பிட்டோமே மேடம். அப்படி யாரும் இங்க இல்லைன்னு ஒரு அம்மா சொன்னாங்க. வேற ஆள் சேர்ந்தாச்சு" என்றாள்.

சஜினின் அம்மாவிடம் போய்க் கேட்டேன். மாமியேதான்! "மரிய சகாயசெல்வி உண்டுமான்னு ஒருத்தி கேட்டா. எனக்கு என்ன தெரியும்? நீ ஷிஜில்லா?"

வீட்டில் எல்லாரும் ஷிஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள், சரி. ஆனாலும் நாலு வருஷமாக ஒரே வீடு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் என் முழுப்பெயரைச் சொல்லி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தார்களே! கேட்டால், "ஓலையெல்லாம் எவ கவனிச்சா?" என்கிறாள். மாதாவே, எனக்கு வந்த ஆத்திரம்! நான் எதுக்கு மாமி இந்த வீட்டுல இருக்கேன்னு கத்திட்டேன்.

22 ஜூன்

சோறு இறங்கவில்லை. மாமியும் சாப்பிடவில்லை. சாப்பிடாட்டா போகட்டும்.

3 ஜூலை

மீன் விற்கப் போகிற மாமி இப்போதெல்லாம் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். விற்றுத் தீரவில்லையாம். இன்னொரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். பாதியில் வைத்துவிட்டேன். யாருக்கு வேண்டும்?

9 ஜூலை

ஃபோன் அடித்தது. "ஷிஜி இருக்காங்களா?" சொந்தத்தில் யாரோ என்று நினைத்து, "நாந்தான், சொல்லு" என்றேன்.

ஆஸ்பத்திரி!

"உங்க மாமியார் பத்து நாளா மீன் கூடையோட வாசல்ல நிக்காங்க. தப்பு என்னுது, எங்க ஷிஜியக் கூப்பிடுங்கன்னு இன்னைக்கு டாக்டர் காரையே மறிச்சிட்டாங்க. லேப்ல ஒரு மேடம் பிரசவ லீவுல போறாங்க. ஆறு மாசத்துக்கு வாறீங்களா?"

வாறேன் என்றேன்.

மாமி வந்து கூடையை இறக்கினாள். "அங்க எதுக்கு மாமி போய் நின்னிய? நாணக்கேடு இல்லியா?"

"நாணக்கேடு எனக்கில்லா? உனக்கென்ன? சோறு போடு, பசிக்குது."