மேட்டில் ஒரு வெள்ளை முளைக்குச்சி

இன்று காலை மைதானத்தில் புல் பிடுங்கப் போனபோது ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். நம் மேட்டின் உச்சியில் வெள்ளையடித்த முளைக்குச்சி ஒன்று நிற்கிறது. கோல்ஃப் மைதானத்தைத் திருத்தப் புதுத் துரை வந்திருக்கிறாராம். நாளைக்கு மேட்டை வெட்டுகிறார்களாம்.

அன்றும் இதே வாடைதான். மலாயாவில் கிள்ளான் பக்கத்து இந்தக் காட்டை மைதானமாக்க வந்த பழைய துரைக்கு நீங்கள்தான் முளைக்குச்சிக் கட்டு சுமந்தீர்கள். உட்கார்ந்த இடத்தில் வரைபடம் போடுகிற ஆள் இல்லை அவர். மழை விட்டதும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். பந்து அடிக்கப்போகும் இடத்தில் நின்று தூரத்தையே முறைப்பார். பிறகுதான் முளை அடிக்கச் சொல்வார். “பாதி நாளு சும்மா நிக்கிறாரு, அதுக்குச் சம்பளம் வேற,” என்று கேலி பேசுவீர்கள்.

அந்த மனிதர் பந்து விழுந்து சிக்குவதற்கான மணல் குழி வெட்ட முளை அடித்த இடம் நம் மூத்தவளைப் புதைத்த மேடு. மூன்று மாதக் குழந்தை. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளை அங்கேதான் புதைப்போம், நாய் தோண்டாமல் முள் வெட்டிப் போடுவோம். கல் கிடையாது. துரைக்கு அது வெறும் முள் புதர்.

சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் முளையைப் பிடுங்கித் தள்ளி நட்டீர்கள். மறுநாள் அவர் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிட்டார். யார் நகர்த்தியது என்று அரைகுறைத் தமிழில் கத்தினார். நான் மண் கூடையை இறக்காமல் நின்றேன். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும்.

“நான்தான் தொரை. கீழ எம்புள்ள இருக்கு,” என்றீர்கள்.

அவர் பந்து அடிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போய், குனிந்தும் நிமிர்ந்தும் வெகுநேரம் பார்த்தார். “மேடு இருக்கட்டும். ஆடுறவன் பயப்படணும்,” என்றார். மணல் குழி மேட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளி வந்தது.

அது இரக்கமா, தொழிலா என்று உங்களைக் கேட்டேன். “எதா இருந்தா என்ன? அவ மேல மம்பட்டி படல,” என்றீர்கள்.

மேட்டைத் தாண்டி அடிக்கத் தெரியாத துரைமார் அன்றிலிருந்து அதைத் திட்டுகிறார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். அவர்கள் புகார் சொல்லித்தான் இப்போது புதியவர் வந்திருக்கிறார்.

நீங்கள் இப்போது உயிரோடு இல்லை. போய்க் கேட்க வேறு ஆளும் இல்லை. முளையைப் பிடுங்கிவிட்டேன். தள்ளி நடவில்லை, என் கூடையில் கிடக்கிறது. யார் பிடுங்கியது என்று நாளைக்குக் கேட்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது. துரையிடம் பேச எனக்குத் தெரிந்தது நீங்கள் அன்று சொன்னது மட்டும்தான்.

நான்தான் தொரை. கீழ எம்புள்ள இருக்கு.