மெத்தை மேல் குற்றமில்லை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்கவேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உன் அத்தைக்கும் எனக்கும் ரத்தத்தில் சாகஸ் நோய்க் கிருமி இருப்பது உனக்குத் தெரியும், பழைய வீட்டுச் சுவர் வெடிப்பிலிருந்து வந்து தூங்குகிறவர்கள் முகத்தில் கடிக்குமே, அந்தப் பூச்சி கொடுத்தது. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை, அவளுக்கு இதயம் வீங்கி நெஞ்சுக்குள் மிஷின் வைத்தார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த மெத்தையில்தான் பூச்சி வந்தது என்று அதை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினாளே, என் அம்மா கையால் தைத்தது, நீலக் கோடு போட்ட துணி, மூலைக்கு மூலை குஞ்சம், அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. "உன் மெத்தை என் நெஞ்சைத் தின்னுது, நீ மட்டும் குண்டுக்கல்லு மாதிரி இருக்கே" என்று நாலு பேர் கூடின இடத்திலெல்லாம் சொல்லுவாள். ஒன்றையும் நான் மறக்கவில்லை.

போன வாரம் இதய டாக்டரம்மா இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு ஓரம், நடுவில் கைப்பைகள். எங்கள் ரத்தத்தில் இருக்கும் கிருமியின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்களாம், பேர் ஒன்றுதான், கிளை வேறாம், ஒரு வயிற்றில் பிறந்த அக்காள் தங்கையில் ஒருத்தி சாது ஒருத்தி அடங்காப்பிடாரி மாதிரி, சில கிளை இதயத்தைப் பிடிக்குமாம், சில சும்மா கிடக்குமாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன், "அப்போ என் மெத்தை மேல தப்பில்லை" என்றேன். ஒரே பூச்சி இரண்டு கிளையையும் சுமக்கலாம், கிளை மட்டும் காரணமில்லை, அவரவர் உடம்பும் சேர்ந்துதான், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா இழுத்தார். அந்தப் பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் அத்தை சும்மா இருப்பாளா, "இவகிட்ட இருக்கறது சோம்பேறிக் கிருமியா? இருக்கும், எசமானியைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கும்" என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கும் சிரிப்புதான், அடக்கிக்கொண்டேன், இத்தனை வருஷக் கோபத்தை அவ்வளவு மலிவாக விட்டுவிட முடியுமா.

இன்று பகல் வாசலில் ஒரு சுமை வண்டி. புது மெத்தை, நீலக் கோடு, மூலைக்கு மூலை குஞ்சம், பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உன் அத்தை. "உறுதியா சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொன்னாங்க. உறுதி இல்லாமத்தானே நானும் கொளுத்தினேன், அதுக்கு இது" என்றாள். குஞ்சம்கூட ஞாபகம் வைத்திருக்கிறாள் பார். பஞ்சு சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று படுத்தவள் தூங்கியே போனாள், எழுப்ப மனசில்லை, தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒரு காது அவள் மூச்சிலேயே இருக்கிறது.

நீ என் வயிற்றில் பிறந்தவள், இந்தக் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம். உன் அண்ணன் பரிசோதித்துவிட்டான், ஒன்றுமில்லை, நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துச் சொல். ஊசிக்குப் பயந்து பள்ளிக்கூட ஜன்னலில் குதித்தவள் நீ, அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தீர்க்காயுசாக இருங்கள், பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா

அத்தை எழுந்துவிட்டாள். தலைப்பக்கம் பஞ்சு குறைவாம். கடைக்காரனோடு சண்டை போட இரண்டு பேரும் கிளம்புகிறோம்.